"கவுன்சில்ல கேட்டுட்டுச் சொல்றேங்க": கன்னியர் மடத்துத் தலைமை எப்படி நடக்கிறது?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கன்னியர் மடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது காரியமாகப் போனவர்களுக்கு இந்தப் பதில் பழக்கம்: "கவுன்சில்ல கேட்டுட்டுச் சொல்றேங்க." ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுக்க ஹாலைக் கேட்டாலும் அதே பதில். மதில் ஓரத்துக் காலி இடத்தை வண்டி நிறுத்த வாடகைக்குக் கேட்டாலும் அதே பதில். கேட்டவர் வெளியே வந்து, "தட்டிக் கழிக்கிறாங்கப்பா. பழைய மதரா இருந்தா நின்ன இடத்துலயே ஆகும், ஆகாதுன்னு சொல்லிடுவாங்க" என்று முணுமுணுப்பார்.

சிஸ்டர் பெரும்பாலும் தட்டிக் கழிப்பதில்லை. சில காரியங்களில் கவுன்சிலைக் கேட்காமல் அவர் தலையாட்டினால், திருச்சபைச் சட்டப்படி அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பே கிடையாது. துறவற சபைகளில் தலைமை மாறிவிட்டது என்று பேச்சு வந்தால், கண்டிப்பான மதர் போய்ச் சிரித்த முகத்து சிஸ்டர் வந்த கதையைத்தான் பலரும் சொல்வார்கள். குணம் ஆளுக்கு ஆள் மாறும். நாம் கவனிக்க வேண்டியது, யாரைக் கேட்காமல் எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும் ஏற்பாட்டை. மகளையோ தங்கையையோ மடத்துக்கு அனுப்பியவர்களுக்கும், பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கும், மடத்துப் பள்ளியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கும் இது தெரிந்திருந்தால் பாதி மனக்கசப்பு குறையும்.

முதலில் அடுக்குகள்

ஒரு துறவற சபைக்குப் பொதுவாக மூன்று அடுக்கு. கீழே இல்லம்: நாலைந்து சிஸ்டர்கள் சேர்ந்து வாழும் வீடு. ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் ஹாஸ்டல் பார்ப்பவர், ஒருவர் வீடு சந்திப்பும் அன்பியக் கூட்டமுமாக (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் கூட்டம்) அலைபவர், ஒருவர் சமையல்கட்டைக் கவனிப்பவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற மூத்த சிஸ்டர் ஒருவர். இவர்களில் ஒருவர் இல்லத் தலைவி. அதற்கு மேல் மாநிலம். இது தமிழ்நாடு, கேரளா என்கிற மாநிலம் இல்லை. பல இல்லங்களைச் சேர்த்த நிர்வாகப் பிரிவு. அதன் தலைவியைத்தான் 'ப்ரொவின்ஷியல்' என்கிறார்கள். உச்சியில் மொத்த சபைக்கும் பொதுத் தலைவி, அதாவது 'மதர் ஜெனரல்'. சிறிய சபைகளில் நடு அடுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

ஒவ்வொரு அடுக்கிலும் தலைவி, கவுன்சில் (தலைவிக்கு ஆலோசனையும் சம்மதமும் சொல்லும் சில சிஸ்டர்களின் குழு), பொருளாளர் என்று மூன்றும் உண்டு. இந்த மூன்றும் ஒரே கையில் சேராமல் இருப்பதுதான் இப்போதைய ஏற்பாட்டின் உயிர்.

பங்குச் சாமியாருக்கு இதில் என்ன வேலை? மடத்தின் உள்விவகாரத்தில், ஒன்றுமில்லை. "ஃபாதர் ஒரு வார்த்தை சொன்னா சிஸ்டரைத் திரும்ப இங்கயே போட்டுடுவாங்க" என்று கோயில் வாசலில் பேசிக்கொள்வது உண்டு. ட்ரான்ஸ்ஃபர் போடுவது மாநிலத் தலைவி, பங்குத்தந்தை இல்லை. ஆயருக்கு (பிஷப்புக்கு) மட்டும் சில உரிமைகள் உண்டு. அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் அவரது மறைமாவட்டத்தில் புதிதாக ஒரு மடம் திறக்க முடியாது. சபை மறைமாவட்ட அளவிலானதாக இருந்தால் அதன் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு, தலைமையகம் இருக்கும் இடத்து ஆயர் தலைமை தாங்குவார். ரோமாபுரியின் நேரடி அங்கீகாரம் பெற்ற சபை என்றால் ஆயரின் பிடி இன்னும் தளர்வு.

பழைய ஏற்பாடு

ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே ராயப்பரால். பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவுக்கு அதுதான் பெயர். இன்று பைபிளில் பேதுரு என்று படித்தாலும் ஊர்ப்பெயரில் ராயப்பர் அப்படியே நிற்கிறார். 'மதர்' என்ற சொல்லும் அந்த மாதிரிதான். பல சபைகள் அந்தப் பட்டத்தைக் கைவிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் இன்னும் "மதர் உள்ள இருக்காங்க" என்றுதான் சொல்வார்.

அந்த மதர் எப்படி ஆண்டார்? சாகும்வரை ஒரே நாற்காலியில் இருந்தார் என்று நினைக்கிறோம். இது முழுக்கச் சரியில்லை. 1917-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இல்லத் தலைவிக்கு 3 ஆண்டு வரம்பு உண்டு. இன்னொரு 3 ஆண்டு நீட்டலாம். மூன்றாம் முறை அதே வீட்டில் தொடரக் கூடாது. 'அதே வீட்டில்' என்பதுதான் ஓட்டை. இங்கே 6 வருஷம், அடுத்த ஊரில் 6 வருஷம் என்று வீடு மாறிக்கொண்டே வாழ்நாள் முழுக்க மதராகவே இருந்துவிடலாம். இருந்தார்கள்.

அன்றாடமோ முழுக்க அனுமதியில் ஓடியது. தபால் தலை, சோப்பு, பல்வலிக்கு டாக்டர், அம்மா வீட்டுக்கு ஒரு கடிதம் எல்லாவற்றுக்கும் மதர் முன்னால் நிற்க வேண்டும். கடிதத்தை அவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். பல ஐரோப்பிய சபைகளில் இரண்டு வகுப்புகூட இருந்தன: படித்த, சீர் கொண்டுவந்த பெண்கள் ஜெப மண்டபத்திலும் பள்ளியிலும், ஏழை வீட்டுப் பெண்கள் சமையல்கட்டிலும் தோட்டத்திலும், ஓட்டுரிமை இல்லாமல். இதைச் சொல்லாமல் தலைமை மாறிய கதையைச் சொன்னால் அது அரைக்கதை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. துறவற வாழ்வைப் பற்றிய அதன் ஏட்டுக்கு 1965 அக்டோபர் 28 தேதி. பெண்கள் சபைகளில் ஒரே வகுப்புதான் இருக்க வேண்டும், தலைவர்கள் உறுப்பினர்களுக்குக் காது கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. அடுத்த ஆண்டே, ஒவ்வொரு சபையும் இரண்டு மூன்று வருஷத்துக்குள் சிறப்புப் பொதுப்பேரவை (மொத்த சபையின் பிரதிநிதிகள் கூட்டம்) கூட்டித் தன் சட்ட நூலைத் திருத்த வேண்டும், அதற்கு முன் எல்லா உறுப்பினர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தன் கருத்தைக் கேட்டு ஒரு தாள் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று ஆன சிஸ்டர்கள் அன்று ஏராளம். இந்த மாற்றங்கள் எல்லாம் சட்டமாக உறைந்தது 1983-ல் வந்த புதிய தொகுப்பில். கீழே விதி எண் வரும் இடமெல்லாம் அந்தத் தொகுப்பைத்தான் குறிக்கிறோம்.

சம்மதம் வேறு, ஆலோசனை வேறு

இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மீதி எளிது.

627-ஆம் விதி ஒவ்வொரு தலைவிக்கும் கவுன்சில் இருக்க வேண்டும் என்கிறது. எந்தக் காரியத்துக்குக் கவுன்சிலின் சம்மதம் தேவை, எதற்கு ஆலோசனை கேட்டால் போதும் என்பதைப் பொதுச் சட்டமும் சபையின் சொந்தச் சட்டமும் பிரித்துச் சொல்லும். 127-ஆம் விதி இரண்டின் பலனையும் சொல்கிறது. ஆலோசனை தேவைப்படும் இடத்தில் தலைவி கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் செய்தால் செல்லாது. கேட்டபின் அதன்படி நடக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னதைத் தக்க காரணமில்லாமல் தள்ளக் கூடாது. சம்மதம் தேவைப்படும் இடத்திலோ கவுன்சில் 'ஆகாது' என்றால் ஆகாதுதான். தலைவி கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணூரில் சபைக்கு ஒரு மனை இருக்கிறது. விற்கலாம் என்று தலைவி நினைக்கிறார். சொத்தை விற்கக் கவுன்சிலின் சம்மதத்தோடு, எழுத்தில் அனுமதி வேண்டும் என்பது 638-ஆம் விதி. கவுன்சிலர்கள் 4 பேர். இருவர் சரி, இருவர் வேண்டாம். நம் சங்கங்களில் என்ன செய்வோம்? தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடித்துவைப்பார். இங்கே அது நடக்காது. சம்மதம் கொடுக்க வேண்டியது கவுன்சில். கேட்டு வாங்குகிறவர் தலைவி. கேட்கிறவரே கொடுக்கிறவராகவும் இருக்க முடியாது. சமன் ஆனாலும் தலைவி ஓட்டுப் போடக் கூடாது என்று 1985-ல் ரோமாபுரி தெளிவாகவே விளக்கிவிட்டது. கூடியவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். 4-ல் 2 என்றால் சம்மதம் கிடைக்கவில்லை என்றே பொருள். மனை விற்பனை நிற்கிறது. 3 பேர் சரி என்றாலும், தொகை ரோமாபுரி வகுத்த உச்சவரம்பைத் தாண்டினால் அங்கிருந்தும் அனுமதி வர வேண்டும்.

கவுன்சிலைக் கேட்பது என்றால் கூட்டம் கூட்டிக் கேட்பது. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு "உங்களுக்குச் சரிதானே சிஸ்டர்?" என்று கேட்பதும், வாட்ஸ்அப் குரூப்பில் நாலு கட்டைவிரல் விழுந்ததும் சம்மதம் இல்லை. இன்று பல வீடுகளில் வழுக்குகிற இடம் இதுதான். அவசரம், தூரம், எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் நோட்டைத்தான் புரட்டுவார்கள்: கூட்டம் என்றைக்கு, யார் யார் வந்தார்கள், எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை. கட்டைவிரலுக்கு அதில் பக்கம் கிடையாது.

குடும்பங்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. "பொண்ணை மடத்த விட்டு அனுப்பிட்டாங்க" என்ற செய்தி வந்தால், அவர் எந்த நிலையில் இருந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். நவதுறவி (பயிற்சிக் காலத்தில் இருப்பவர்) என்றால் அவரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், சபையும் அனுப்பலாம். முதல் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்து, காலம் முடிந்து, மறுபடி புதுப்பிக்க விடவில்லை என்றால் அதற்கு உயர் தலைவி (மாநிலத் தலைவியோ மதர் ஜெனரலோ) கவுன்சிலின் ஆலோசனையைக் கேட்டால் போதும், தக்க காரணமும் வேண்டும். இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவரை நீக்குவது முற்றிலும் வேறு. எழுத்திலோ சாட்சிகள் முன்னிலையிலோ எச்சரிக்கை. குறைந்தது 15 நாள் இடைவெளி. மறுபடி ஓர் எச்சரிக்கை. பதில் சொல்ல முழு வாய்ப்பு. அதன்பின் சபைத் தலைவியும் குறைந்தது 4 கவுன்சிலர்களும் சேர்ந்து உட்கார்ந்து ரகசிய ஓட்டில் முடிவு செய்ய வேண்டும். இங்கே மட்டும் தலைவியும் ஓட்டுப் போடுவார், ஏனென்றால் எல்லாரும் ஒரே குழுவாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு முன்பு 10 நாள்தான் இருந்தது; 2023-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை 30 நாள் ஆக்கினார். மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு சிஸ்டருக்குப் பத்து நாளில் சட்டம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

ஓட்டுச் சீட்டு மடித்த விதம்

சபையின் உச்ச அதிகாரம் மதர் ஜெனரல் இல்லை; பொதுப்பேரவை. பொதுத் தலைவியைத் தேர்ந்தெடுப்பது, சட்ட நூலைத் திருத்துவது, அடுத்த சில ஆண்டுகளுக்கான திசையைக் காட்டுவது எல்லாம் அங்கேதான். ஓட்டு எப்படி நடக்கிறது?

பெயர் எழுதிய சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவார்கள். சீட்டுகளை எண்ணக் குறைந்தது இரண்டு பேர் நியமிக்கப்படுவார்கள். அவர்கள் பெயரைப் படிக்கும் முன் சீட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஓட்டுப் போட்டவர்களைவிட ஒரு சீட்டு கூடுதலாக இருந்தாலும் அந்தச் சுற்று மொத்தமும் செல்லாது, மறுபடி போட வேண்டும். புதுத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாய் விழுந்தாலும் இந்தக் கதிதான், அதனால் சீட்டைக் கொஞ்சம் கெட்டித் தாளில் வெட்டுவது நல்லது. கூட்டம் நடக்கும் வீட்டிலேயே ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால், எண்ணுகிறவர்கள் அவர் அறைக்கே போய் எழுதிய ஓட்டை வாங்கி வர வேண்டும். தபால் ஓட்டும் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போடும் ஓட்டும், சபைச் சட்டம் தனியாக அனுமதித்தால் ஒழிய, கிடையாது.

40 பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் என்றால் 21. முதல் சுற்றில் 17, 13, 10. யாருக்கும் இல்லை. இரண்டாம் சுற்றில் 18, 16, 6. இன்னும் இல்லை. மூன்றாம் சுற்று மேலே உள்ள இருவருக்கு மட்டும். 20–20 என்று சமன் ஆனால்? வயதில் மூத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக 119-ஆம் விதி சொல்கிறது. சபையின் சொந்தச் சட்டம் வேறு மாதிரி சொன்னால் அதன்படி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அங்கேயே சம்மதம் சொல்லிவிடுவது வழக்கம். யோசிக்க 8 நாள் வரை அவகாசம் உண்டு.

கடைசியாக ஒரு விதி: தனக்காகவோ இன்னொருத்தருக்காகவோ நேராகவும் சுற்றி வளைத்தும் ஓட்டுச் சேர்க்கக் கூடாது. இது 626-ஆம் விதி. எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பில், ஊர், மொழி, சாதி என்று ஓட்டு திரள்வது நம் சபைகளில் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். யாரும் மேடை போட்டுக் கேட்பதில்லை. தோட்டத்தில் நடக்கும்போது, "இந்தத் தடவை நம்ம பக்கத்துக்கு வரணும் சிஸ்டர்" என்று ஒரு வாக்கியம் போதும்.

இல்லத் தலைவியை ஓட்டில் தேர்ந்தெடுப்பது குறைவு. பொதுவாக மாநிலத் தலைவி நியமிப்பார், அதற்கு முன் கலந்து பேசியிருக்க வேண்டும். பல சபைகளில் சிஸ்டர்கள் ஆளுக்கு மூன்று பெயர் எழுதி உறையில் போட்டு அனுப்புவார்கள். அது கருத்து மட்டுமே, ஓட்டு இல்லை. "அதிகப் பேர் என் பெயரைத்தானே எழுதினாங்க, ஏன் இன்னொருத்தரைப் போட்டாங்க?" என்ற வருத்தம் இந்த வேறுபாடு புரியாததால் வருவது.

காலவரம்பு சபைக்குச் சபை மாறும். பெரம்பூரில் பள்ளி நடத்தும் சலேசியச் சாமியார்களுக்குப் பொதுத் தலைவர் 6 ஆண்டு, மாநிலத் தலைவர் 6 ஆண்டு, இல்லத் தலைவராகிய ரெக்டர் 3 ஆண்டு. இயேசு சபையில் பொதுத் தலைவரை ஆயுட்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனாலும் 2008-லும் 2016-லும் அடுத்தடுத்து இரண்டு தலைவர்கள் பதவி விலகி வழிவிட்டார்கள். நிறுவியவர் உயிரோடு இருக்கும்போது எந்த வரம்பும் தளர்ந்துவிடும். அன்னை தெரசா தாம் நிறுவிய சபைக்கு 1950 முதல் 1997 வரை தலைமையில் இருந்தார். அவருக்குப் பின் 1997, 2009, 2022 என்று மூன்று முறை தலைமை கைமாறியிருக்கிறது. பொதுச் சட்டம் எண் எதுவும் சொல்லாமல், ஆட்சிப் பொறுப்பில் ஒருவரே இடைவெளியில்லாமல் நெடுங்காலம் இருக்காதபடி சபைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பழைய 'அதே வீட்டில்' ஓட்டையை அடைக்கத்தான் 'இடைவெளியில்லாமல்' என்ற சொல்.

சாவி ஒருத்தரிடம், கணக்கு ஒருத்தரிடம்

636-ஆம் விதி பொருளாளரைத் தலைவியிடமிருந்து பிரிக்கிறது. மாநிலத்தில் இது கட்டாயம், இல்லத்தில் முடிந்தவரை. நாலு பேர் உள்ள வீட்டில் 'முடிந்தவரை' என்பது 'முடியவில்லை' ஆகிவிடுவது சகஜம். அப்படியும் செய்ய வேண்டியது இது: வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, மாதக் கடைசியில் வீட்டுக் கூட்டத்தில் வரவு செலவை வாய்விட்டுப் படிப்பது, வருஷ பட்ஜெட்டை மாநிலத்துக்கு அனுப்புவது, இவ்வளவு தொகைக்கு மேல் என்றால் மாநிலத்தின் அனுமதி என்று வரம்பு வைப்பது. அந்த வரம்பு 50,000 என்று வைத்துக்கொள்வோம். 1,20,000 ரூபாய் ஷெட் வேலையை 40,000 வீதம் மூன்று பில்லாக உடைப்பது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். தணிக்கைக்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சம்பளம் என்று வந்தால் சிஸ்டர் வேலை செய்து பெறுவது சபைக்குச் சேரும். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் சிஸ்டரின் சம்பளமும் அப்படியே. "கைக்கே வராத பணத்துக்கு ஏன் வரிப் பிடித்தம்?" என்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் போன வழக்குகளில், பிடித்தம் செய்யத்தான் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சபைச் சட்டத்தில் பணம் சபையுடையது. வருமான வரிக் கணக்கில் சம்பளம் அவருடையது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில்தான் இல்லப் பொருளாளர் மாதாமாதம் நிற்கிறார்.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. அநேக சபைகள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. திருச்சபைக் கணக்கில் தலைவி மாறிவிட்டார். பூ கொடுத்தாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று. பதிவாளர் அலுவலகத்து ஏட்டிலோ பழைய தலைவியும் பழைய செயலாளரும் அப்படியே இருப்பார்கள். நிர்வாகிகள் மாற்றத்தைப் படிவத்தில் எழுதித் தாக்கல் செய்யாமல் விட்டால் வங்கி புதுக் கையெழுத்தை ஏற்காது, பள்ளித் தாளாளர் மாற்றமும் கல்வித்துறையில் நகராது. புதுத் தலைவி பொறுப்பேற்ற வாரமே செய்ய வேண்டியவை மூன்று: தேர்தல் நடவடிக்கைக் குறிப்பின் நகல், பதிவாளருக்குப் படிவம், வங்கிக்குத் தீர்மானம். பாட்டு பிறகு பாடலாம்.

ஒரு டிசம்பர் இரவு

இல்லத் தலைவி யாரையும் கேட்காமல் எதுவுமே செய்யக் கூடாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். இரவு பத்து மணிக்குக் கேட்டைத் தட்டி, கைக்குழந்தையோடு முப்பது பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஹாலைத் திறக்க இல்லத் தலைவிக்கு யார் அனுமதியும் வேண்டாம். அது அவரது அன்றாட அதிகாரத்துக்குள் வருகிறது. அரிசியை உலையில் போடுவதும் அப்படியே. அடுத்த நாள் காலை மாநிலத் தலைவிக்கு ஒரு போன்.

ஹாலை இரண்டு வாரம் முகாமாக வைத்திருப்பது, பள்ளி திறப்பதைத் தள்ளிப்போடுவது, ஓர் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு நிவாரணம் கொடுப்பது எல்லாம் அவர் தனியாக முடிவெடுக்கும் வகை இல்லை. இந்த நேரத்தில் வரும் பெரிய ஆபத்து வெளிநாட்டுப் பணம். கனடா குடியுரிமை வாங்கிவிட்ட பழைய மாணவி நல்ல மனசோடு மடத்தின் உள்ளூர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) அது வெளிநாட்டு நன்கொடை. அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் அது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். வந்த பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஒரு வீட்டின் அவசரம் மொத்த சபையின் பதிவையே ஆட்டம் காண வைக்கும். அதனால் பணத்தை வாங்கும் முன் மாநிலப் பொருளாளரைக் கேட்பது, ஹாலைத் திறந்த பின் தகவல் சொல்வது. வரிசை முக்கியம்.

எங்கே கோணலாகிறது

இப்போது பல சபைகள் 'தலைவி' என்பதையும் விட்டு 'தலைமைக்குழு' என்கின்றன. முடிவுகளைத் 'தெளிந்து தேர்தல்' முறையில் எடுக்கிறார்கள்: விஷயத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, அமைதியில் ஜெபித்து, ஒவ்வொருவரும் குறுக்கீடில்லாமல் பேசி, மறுபடி அமைதி, பிறகு இரண்டாம் சுற்றுப் பேச்சு, அதன்பின் முடிவு. 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றப் பயணம் இந்த முறையைப் பங்குகள்வரை கொண்டுவந்தது. நல்ல முறைதான். இரண்டு இடத்தில் கெடும். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு ஜெபத்தை மட்டும் சேர்த்தால் எல்லாருக்கும் அது முகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குழு என்ற பெயரில் யாருமே பொறுப்பேற்காமல் போவது மற்றது. "குழு முடிவு பண்ணிச்சு" என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சட்டத்தின் பார்வையில் கையெழுத்துக்குரியவர் இன்றும் ஒருவரே. எங்களைக் கேட்டால், பழைய மதரிடம் ஒரு நன்மை இருந்தது: திட்டினாலும் யார் திட்டினார் என்று தெரியும்.

இல்லத் தலைவியே தலைமையாசிரியராகவும் இருப்பது இன்னொரு கோணல். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று தலைமையாசிரியர் எழுதுவார், இல்லத் தலைவி அனுமதிப்பார். கை ஒன்றுதான். காலையில் பள்ளியில் அதட்டிய அதே குரல் மாலையில் ஜெப மண்டபத்தில் சகோதரத்துவம் பேசினால் இளைய சிஸ்டர் எதை நம்புவார்? ஆள் குறைவாக இருப்பதால் வேறு வழியில்லை என்பார்கள். ஆள் குறையக் குறைய, அதே ஐந்து பேர் மாறி மாறிப் பொறுப்புக்கு வருவதும் நடக்கிறது.

மனசைத் திறந்து சொல் என்று வற்புறுத்துவதும் இன்னும் ஒழியவில்லை. தலைவி எந்த விதத்திலும் ஒரு சிஸ்டரைத் தன் அந்தரங்க மனசாட்சியை வெளியிடத் தூண்டக் கூடாது என்று 630-ஆம் விதி அழுத்திச் சொல்கிறது. தானாகச் சொன்னால் சரி. "என்கிட்ட மறைக்கிற, அப்ப உனக்குக் கீழ்ப்படிதல் இல்ல" என்பது சட்டத்துக்கு எதிரான பேச்சு.

மனக்குறை உள்ள சிஸ்டருக்கு வழி உண்டு. மாநிலத் தலைவி ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்த காலத்தில் 'விசிட்டேஷன்' வர வேண்டும். அப்போது ஒவ்வொருவரிடமும் தனியே பேசுவார். அதைத் தடுக்கவோ திசை திருப்பவோ யாருக்கும் உரிமையில்லை. பொதுப்பேரவைக்கு முன் எந்த உறுப்பினரும், யாரையும் கேட்காமல், நேராக யோசனை எழுதி அனுப்பலாம். ட்ரான்ஸ்ஃபர் ஒத்துவரவில்லை என்றால் அந்த சிஸ்டரே காரணத்தோடு மாநிலத் தலைவிக்கு எழுத வேண்டும். உடல்நலம் என்றால் டாக்டர் சீட்டோடு. அண்ணனும் சித்தப்பாவும் வேன் பிடித்து மாநில இல்லத்துக்குப் போனால் பெரும்பாலும் காரியம் கெடும்.

மேலேயும் வாசல்கள் திறந்துகொண்டிருக்கின்றன. குருக்கள் சபைகளில் குருப்பட்டம் பெறாத பிரதர்களும், ரோமாபுரியின் அனுமதியோடு, தலைவராகலாம் என்று 2022-ல் வந்தது. உலகத்துத் துறவற சபைகள் அனைத்தையும் கவனிக்கும் வத்திக்கான் துறைக்கு 2025 ஜனவரியில் முதல்முறையாக ஒரு சிஸ்டர், சிமோனா பிரம்பில்லா, தலைவரானார்.

ஹால் கேட்டுப் போனவருக்கு இனி ஒரு வேலை இருக்கிறது. வாயால் கேட்டுவிட்டு வராமல் ஒரு கடிதம் கொடுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், கரண்ட் பில்லுக்கு என்ன தருவீர்கள், சாவி யார் பொறுப்பு. நகலில் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "கவுன்சில்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று சிஸ்டர் சொன்னதும் கிளம்பிவிடாமல், "கவுன்சில் எப்ப கூடுது சிஸ்டர்?" என்று கேளுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் சனி என்று தேதி சொன்னால், திங்கட்கிழமை காலை போய் நில்லுங்கள்.